ஒன்பது புள்ளி இரண்டு

வகுப்பில் நாங்கள் இருபத்துநான்கு பேர். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதை வாயைத் திறந்து சொல்ல ஒருத்திதான் இருந்தாள்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எதற்கு எழுதினாய் என்று கேட்பாள். சும்மா என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவளிடம் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். மற்றதை எல்லாம் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி திருநெல்வேலிக்கும் முக்கூடலுக்கும் நடுவில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதற்கு முன்பு அது அரிசி மில். ஓடாமல் நின்றுபோன மில்லை ஓர் அறக்கட்டளை வாங்கி, நெல் காயப்போட்ட களத்தை மைதானம் ஆக்கி, கிடங்கை இயற்பியல் ஆய்வகம் ஆக்கியிருந்தது. மொத்தம் நான்கே துறைகள். மழைக்காலத்தில் ஆய்வகத்துச் சுவரிலிருந்து தவிட்டு வாசனை வரும். பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான், பிளஸ் டூவில் மார்க் சறுக்கி, பெரிய கல்லூரிகள் எல்லாம் கைவிரித்த பிறகு வேறு வழியில்லாமல் அங்கே வந்து சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தெருவில் யாராவது எங்கே படிக்கிறாய் என்று கேட்டால் கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன், மில்லுக்குப் போகிறேன் என்பேன். அவ்வளவு திமிர் எனக்கு.

துறைத்தலைவர் பழுப்பேறிய நோட்டு ஒன்றைப் பார்த்து இங்கிலீஷில் வாசிப்பார். பாதிப் பக்கத்துக்கு ஒரு முறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "அண்டர்ஸ்டுட்?" என்பார். "எஸ் சார்" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். கோயிலில் போற்றி சொல்வது மாதிரி அது பழகிப்போன ஒன்று. சேர்ந்த இரண்டாவது வாரம், "எஸ் சார்" முடிந்த பிறகு பெண்கள் பக்கத்து மூன்றாவது பெஞ்சிலிருந்து "இல்ல சார்" என்று தனியாக ஒரு குரல் வந்தது.

எழுந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, நல்ல உயரம், துவைத்துத் துவைத்து வெளுத்த நீலத் தாவணி. முகத்தில் பயமும் இல்லை, துடுக்கும் இல்லை. என்ன புரியவில்லை என்று அவர் கேட்டார். முதலிலிருந்தே புரியவில்லை என்றாள். வகுப்பு சிரித்தது. நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். மற்ற எல்லாருக்கும் புரிந்திருக்கிறதே, உனக்கு மட்டும் என்ன வந்தது என்று அவர் கேட்டதும் அவள் வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் இருந்த என்மேல் வந்து நின்றது.

"ஏட்டி, ஒனக்குப் புரிஞ்சுதா? புரிஞ்சா நீ சொல்லு. நான் கேட்டுக்கிடுதேன்."

நான் எழுந்து அன்றைய பாடமான திருப்புவிசையின் வரையறையை இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தேன். சாரின் முகம் மலர்ந்தது. அவள் உட்காரவில்லை. "அது சார் சொன்னது. நீ சொல்லு" என்றாள். மறுபடியும் அதே இங்கிலீஷ் வரிதான் என் வாயில் வந்தது. பன்னிரண்டு வருடம் இங்கிலீஷ் மீடியத்தில் நான் கற்றுக்கொண்டது, புரியாத ஒன்றைப் பிழையில்லாமல் சொல்வது எப்படி என்பதைத்தான். அன்று அது அத்தனை பேருக்கு முன்னால் வெட்டவெளிச்சம் ஆனது.

அவளை அடித்துவிடலாம் போல இருந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளே புத்தகத்தோடு என்னைத் தேடி வந்தாள். இந்த இங்கிலீஷை மட்டும் நீ தமிழில் சொல்லு, மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்றாள். வம்புக்கு வந்தவள் மாதிரி இல்லை. காலையில் நடந்ததை அவள் ஒரு சண்டையாகவே நினைத்திருக்கவில்லை. வேண்டாவெறுப்பாக ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவள் பாதியில் எழுந்துபோய்க் கிடங்கின் பழைய இரும்புக் கதவைக் கீல் பக்கத்தில் கைவைத்துத் தள்ளினாள். அசையவில்லை. அடுத்த ஓரத்தில் நின்று தள்ளினாள். கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. பிறகு என்னைத் தள்ளச் சொன்னாள். இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளினேன். "இம்புட்டுதானாட்டி?" என்றாள் அவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு விஷயம் புரிந்தால் உடம்பு இப்படி இலேசாகும் என்று பதினெட்டு வயது வரை எனக்கு யாரும் காட்டித் தரவில்லை.

அவளோடு வெளியே எங்கேயாவது போவது ஒரு தண்டனை. இந்த நிறுத்தத்தில் பஸ் ஏன் நிற்காது என்று கண்டக்டரிடம் கேட்பாள். அவர் நிற்காது என்றால் நிற்காதுதான் என்பார். அது பதில் இல்லையே என்று அவள் அடுத்த நிறுத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வருவாள். நான் யாரோ போல ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நூலகத்தில் பெண்கள் ஏன் நாலு மணிக்கு மேல் இருக்கக்கூடாது என்று நூலகரிடம் கேட்டாள். அவர் அலுவலகத்தில் கேள் என்றார், அலுவலகத்தில் முதல்வரிடம் கேள் என்றார்கள், முதல்வர் நூலகரிடம் கேள் என்றார். அவள் மறுபடி நூலகரிடம் வந்து நின்றாள். அப்படி ஒரு விதியே எங்கும் எழுதப்படவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரியவந்தது. அந்த வாரத்திலிருந்து ஐந்தரை வரை இருந்தோம்.

ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அம்மா நல்லவள், எல்லாருக்கும் வயிறு நிறையச் சோறு போடுகிறவள். சோற்றைப் போட்டுக்கொண்டே, நீங்க என்ன ஆளுக என்று இயல்பாகக் கேட்டாள். எங்கள் ஊரில் அது பெயரைக் கேட்பதற்கு அடுத்த கேள்வி. அவள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கும்மா கேக்கீங்க?"

அம்மா தடுமாறி, சும்மாதான் என்றாள். "சும்மான்னா சொல்லாண்டாம்லா" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பு கேட்டாள். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் போன பிறகு அம்மா, திமிர் பிடித்த பிள்ளையாக இருக்கிறதே என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த யாரிடமும் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

முக்கூடலில் அவள் வீட்டுக்கு நானும் போயிருக்கிறேன். அம்மா, அக்கா, அவள் மூன்று பேரும் மடியில் சொளவு என்று சொல்லும் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். காலையில் பஸ்ஸுக்கு வரும் முன்னால் ஒரு பாடு, சாயங்காலம் போய் ஒரு பாடு. அவள் நோட்டுகளில் எப்போதும் புகையிலை வாசனை இருக்கும். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவள் பீடிக் கடைக்குக் கட்டுகளைக் கொண்டுபோயிருக்கிறாள். கடைக்காரர் ஒரு பிடியை எடுத்துச் சரியில்லை என்று கசக்கிக் கழிவில் போட்டார். அவள் அதைப் பொறுக்கி எடுத்து, எதில் என்ன குறை என்று காட்டச் சொல்லி, கடை பூட்டும் வரை படியில் உட்கார்ந்திருக்கிறாள். இனிமேல் இந்தப் பிள்ளையை அனுப்பாதே என்று மறுநாள் சொல்லிவிட்டாராம். இதை அவள் அம்மா என்னிடம் சொன்னபோது குரலில் பாதி பெருமை, பாதி பயம்.

அவள் அண்ணனுக்கு லாரி செட்டில் வேலை. விருந்தாளியாக வந்திருந்த என் முன்னாலேயே அவன் அதைச் சொன்னான். ஒரு பாடத்தில் போனாலும் படிப்பு நின்றுவிடும், மாமா மகன் காத்திருக்கிறான், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். கோபமாகச் சொல்லவில்லை, நாள் கிழமை சொல்வது போலச் சொன்னான். எல்லாவற்றிலும் தேறினால் என்ன செய்வாய் என்று அவள் பீடியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். அவன் அதை யோசித்து வைத்திருக்கவில்லை.

கல்லூரியில் எங்கள் இருபத்துநான்கு பேரில் பத்தொன்பது பேர் தமிழ் மீடியம். இரும்புக் கதவு விஷயம் பரவி, மதிய நேரத்தில் ஒவ்வொருவராகச் சைக்கிள் ஷெட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறவர்களின் மகன் ஒருவன், மணிமுத்தாறில் உறவுக்காரர் வீட்டில் தங்கி அங்கிருந்து பஸ் மாறி வருவான். மேலப்பாளையத்திலிருந்து காதர். அவன் வாப்பா சவுதியில் இருந்தார். அவர் அனுப்பிய டிஜிட்டல் வாட்ச் அவன் மணிக்கட்டில் பளபளக்கும். ஷெட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். புரியாதவர்கள் முதலில் பேச வேண்டும், புரிந்தவர்கள் கடைசியில்தான் பேச வேண்டும். இங்கிலீஷ் வார்த்தைகளை நான் உடைத்துச் சொல்வேன். அதற்குள் இருக்கும் பொருளை மற்றவர்கள் உடைப்பார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் பாதிப் பாடம் நடந்தது.

ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஷெட்டில் கூடுகிறார்கள் என்று வாட்ச்மேன் போய்ச் சொல்ல, துறைத்தலைவர் வந்து சத்தம் போட்டார். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். நாங்க எங்க இருக்கணும்னு சொல்லுங்க சார், அங்கன போய் இருக்கோம் என்றாள் அவள். அவர் ஆய்வகத்தின் பின்பக்கத்து வராந்தாவைக் காட்டிவிட்டுப் போனார். மோசமான மனிதர் இல்லை அவர். அந்தத் துறையை உண்டாக்கியவரே அவர்தான். முதல் வருடம் இரண்டு நிறுத்துக் கடிகாரங்களை மதுரையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். அதை எத்தனையோ தடவை எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடிகாரத்தில்தான் வந்தது வினை.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு சோதனையையும் செய்து, அளவுகளை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் யாரும் அளப்பதில்லை. சேர்ந்த உடனே ஒரு சீனியரைப் பிடித்து அவருடைய பழைய ரெக்கார்டை வாங்கிக்கொள்வோம். அந்தச் சீனியர் அவருடைய சீனியரிடம் வாங்கியிருப்பார். ஆய்வகத்தில் ஊசல் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். நாங்கள் கதை பேசிக்கொண்டு சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவோம். புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று வர வேண்டும். எல்லாருக்கும் எல்லா வருடமும் அப்படியே வந்தது.

அவளுக்கும் ஒரு ரெக்கார்டு கிடைத்தது. கொடுத்த சீனியர் அக்காவிடம், நீங்க ஊசல ஆட்டிப் பாத்தீங்களாக்கா என்று கேட்டு அவளைக் கோபப்படுத்தினாள். பிறகு அந்த நோட்டை எனக்குக் கொண்டுவந்து காட்டினாள். ஊசலின் நீளம் எண்பது என்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பது என்று இருந்தது. யாரோ எப்போதோ தப்பாகப் பார்த்து எழுதியது. அந்த முப்பதை வைத்துக் கணக்குப் போட்டாலும் விடை ஒன்பது புள்ளி எட்டு என்றே இருந்தது. என் நோட்டைத் திறந்து பார்த்தேன். முப்பது. காதர் நோட்டிலும் முப்பது. எத்தனை வருடத்துப் பிள்ளைகள் அந்த முப்பதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்களோ தெரியாது.

அவள் தானே ஊசலைக் கட்டி, தானே அளந்தாள். நூறு சென்டிமீட்டர் நூலுக்கு இருபது ஆட்டம் நாற்பது வினாடியில் முடிய வேண்டும். அவளுக்கு நாற்பத்தொன்றைத் தாண்டியது. திரும்பத் திரும்பச் செய்தாள். நூலை மாற்றினாள், குண்டை மாற்றினாள். எப்படிச் செய்தாலும் விடை ஒன்பது புள்ளி இரண்டு. சாப்பிடப் போகாமல் இரண்டு நாள் அதிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் காதரிடம் வாட்சைக் கழற்றித் தரச் சொல்லி, அதையும் ஆய்வகக் கடிகாரத்தையும் ஒன்றாக ஓடவிட்டாள். வாட்சில் அறுபது வினாடி ஆனபோது கடிகாரத்தில் அறுபத்திரண்டு. இன்னொரு கடிகாரமும் அப்படியேதான் ஓடியது. மதுரையிலிருந்து மடியில் வந்த கடிகாரங்கள் இரண்டுமே முதல் நாளிலிருந்து வேகமாக ஓடிக்கொண்டிருந்தனவோ என்னவோ, பார்த்தவர் யாரும் இல்லை.

ரெக்கார்டில் ஒன்பது புள்ளி இரண்டு என்று எழுதி, கடிகாரம் நிமிடத்துக்கு இரண்டு வினாடி முந்துகிறது என்று கீழே ஒரு குறிப்பும் எழுதிக் கையெழுத்துக்கு வைத்தாள். எங்களுக்கு அது இரண்டாம் ஆண்டுக் கடைசி. அந்த ரெக்கார்டின் முதல் பக்கத்தில் துறைத்தலைவர் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்குள் நுழைய முடியாது. நுழையாவிட்டால் அந்தப் பாடத்தில் தோல்வி. அவளுக்கு அதற்கு மேல் என்ன என்பதைத்தான் அவள் அண்ணன் சொல்லியிருந்தானே.

துறைத்தலைவர் நோட்டைத் தூக்கிப் போட்டார். அந்தக் கோடையில் பல்கலைக்கழகத்திலிருந்து குழு வர இருந்தது. துறைக்கு அங்கீகாரத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். நம்ம ஆய்வகத்தில் கடிகாரம்கூடச் சரியில்லை என்று நம்ம பிள்ளையே எழுதிக் கொடுத்தால் துறையை மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். அந்த ஒரு பக்கத்தை மாற்றி எழுதிக் கொண்டுவா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றியது, அதை மறைக்க விரும்பவில்லை. அவள் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, அதில் அச்சடித்திருந்த இங்கிலீஷ் வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். இந்த மாணவி இந்த ஆய்வகத்தில் மெய்யாகவே செய்தவை என்று அர்த்தம். அதை அவர் வாயாலேயே சொல்லவைத்தாள்.

"மெய்யாச் செஞ்சதுன்னு நீங்க கையெழுத்துப் போடுத நோட்டுல, செய்யாதத எப்படி சார் எழுத?"

வெளியே போ என்றார். போனாள்.

வராந்தாவில் அன்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அவளைத் தவிர எல்லாரும் கையெழுத்து வாங்கி முடித்திருந்தோம். நாமும் உண்மையான அளவை எழுதிக்கொண்டு போய் நிற்போம், இருபத்துநான்கு பேரையும் என்ன செய்துவிடுவார் என்றான் காதர். அவள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்காவ யாரும் ஒண்ணும் செய்யாண்டாம். அளந்து பாருங்க. என்ன வருதோ அத எழுதுங்க. அளக்காம எழுதுனா அதுவும் பொய்தான்."

பதினைந்து பேர் அளந்தார்கள். ஒன்பது புள்ளி ஒன்று, ஒன்பது புள்ளி இரண்டு, ஒன்பது புள்ளி மூன்று. புதுத் தாளில் எழுதி ரெக்கார்டில் ஒட்டினார்கள். எட்டுப் பேர் ஒட்டவில்லை. அந்த எட்டில் நானும் ஒருத்தி. என் கையெழுத்து வாங்கிய நோட்டு பத்திரமாக வீட்டில் இருக்கிறது, எதற்கு வம்பு என்று நினைத்தேன். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏன் அளக்கவில்லை என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கிறவள் என்னிடம் அதை மட்டும் கேட்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

பதினாறு பேரையும் உள்ளே விடாவிட்டால் தேர்வே நடக்காது என்று துறைத்தலைவருக்குத் தெரியும். பதினைந்து பேரின் ஒட்டிய தாள்களையும் விட்டுவிட்டார். கூட்டம் சேர்த்தது அவள்தான் என்று, அவளிடம் மட்டும் மன்னிப்புக் கடிதம் கேட்டார். நாலு வரி போதும், எழுதினால் அந்த இடத்திலேயே கையெழுத்து. என்ன தப்பு செய்தேன் என்று சொன்னால் அதை எழுதித் தருகிறேன் என்றாள். நாலு வரி என்றே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளும் எழுதவில்லை. தேர்வுக்கு முந்திய நாள் நான் அவளை ஒதுக்கமாக அழைத்துப்போய்க் கெஞ்சினேன். கடிதத்தை நானே எழுதித் தருகிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு, உன் அண்ணனை நினைத்துப் பார் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும் வரை விடவே இல்லை. அவளுக்குப் பயம் இருக்கும் என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது.

"கல்யாணம் ஆனா ஆவட்டும்டி. அங்கன போயும் கேப்பேன்லா" என்றாள்.

மறுநாள் காலை அவள் அதே நீலத் தாவணியில், கையெழுத்தில்லாத ரெக்கார்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்து வராந்தாவில் நின்றாள். நாங்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டி உள்ளே போனோம். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளித்தேர்வாளர் நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த அம்மா. நரைத்த தலை, சிரிக்காத முகம். பட்டியலில் இருபத்துநான்கு எண்கள், உள்ளே இருபத்துமூன்று பேர். ஒரு எண்ணின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு இது யார் என்று கேட்டார். துறைத்தலைவர், ஆப்சென்ட் மேடம் என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

தேர்வாளர் குனிந்து எழுதப்போனார். நான் எழுந்து நின்றேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை.

"அவ ஆப்சென்ட் இல்ல மேடம். வெளிய வராந்தாவுல நிக்கா."

இங்கிலீஷில் பேசிப் பெயர் வாங்கிய எனக்கு அன்று தமிழ்தான் வந்தது. துறைத்தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் என் ரெக்கார்டும் கிழிந்துவிடும் போல இருந்தது. ஆமா மேடம் என்றான் காதர். எஸ்டேட்டுப் பையன் எழுந்தான். ஒட்டாத மற்ற ஏழு பேரும் எழுந்தார்கள்.

தேர்வாளர் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். ரெக்கார்டை வாங்கிவரச் சொல்லி, அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து, பக்கத்தில் நிறுத்துக் கடிகாரத்தை வைத்து, இரண்டையும் ஓடவிட்டார். ஒரு நிமிடம். அறுபத்திரண்டு. துறைத்தலைவரிடம் மெல்ல ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. துறைத்தலைவர் ரெக்கார்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜன்னல் கம்பி வழியாக எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் நோட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அந்த அம்மா சொன்னாங்கன்னு போட்டீங்களா, சரின்னு போட்டீங்களா சார்?"

"அவங்க சொன்னாங்க. வாங்கிட்டு உள்ள போ."

"அப்பம் வேண்டாம் சார்" என்று சொல்லி அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற காதர் தலையில் அடித்துக்கொண்டான். வாங்கித் தொலையேன்டி என்று நான் முனகினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் அந்த நோட்டை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். அதை அவர் முழுதாகப் படித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"கடிகாரம் தப்பா ஓடுது. நீ எழுதுனது சரி" என்றார். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

அவள் நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது மூன்று மணி நேரத்தில் நாற்பது நிமிடம் போயிருந்தது. அவளுக்கு வந்த சோதனையைப் பாதிதான் முடிக்க முடிந்தது.

கோடையில் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது, துறையை மூடவில்லை. அதற்குப் பிறகு மார்க் வந்தது. செய்முறைத் தேர்வில் வகுப்பிலேயே குறைந்த மார்க் அவளுக்குத்தான். தேறுவதற்கு வேண்டியதைவிட ஒன்று கூடுதல். அவள் அண்ணன் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு லாரி செட்டுக்குப் போய்விட்டானாம். நாங்கள் வராந்தாவில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தோம். மார்க் ஏன் இவ்வளவு குறைந்தது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியதுதானே என்று காதர் அவளைக் கேலி செய்தான். மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு அவள் சொன்னாள், "நேத்தே தபால்ல போட்டுட்டேன்."